இறாலும் நண்டும் செத்துப்போன மத்தியானம்

சூடத்தைக் கொளுத்துங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

பக்கத்து வீட்டுத் தனசிங் புதிதாக ஒரு கடல் மீன் தொட்டி வைத்தார். வைத்த வாரமே அதிலிருந்த கோமாளி மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. நோயாளிக்குத் தெம்பு வரட்டும் என்று தனசிங் பிடி பிடியாகத் தீனி போட்டார். மீன் தொடவில்லை. தீனி அடியில் கிடந்து அழுகியது.

"கண்ணு பட்டிருக்குமோ அண்ணே?" என்றது தொட்டியிலிருந்த இறால்.

சங்குக்குள் குடியிருந்த நண்டு எட்டிப் பார்த்தது. "கண்ணுமில்லை, காதுமில்லை. சீக்கு தண்ணிக்கு. அழுகினதெல்லாம் அதுலதானே கரையுது? தண்ணியை மாத்தினா பையன் பிழைப்பான்."

"அவருக்கு யாரு சொல்றது?"

"சொன்னா இன்னொரு பிடி போடுவாரு. வா தம்பி, செத்துக் காட்டுவோம்."

இருவரும் மல்லாந்து கால்களை விறைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த தனசிங் பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புது உப்புத்தண்ணீர் ஊற்றினார். சாயங்காலமே மீன் வாலாட்டிக்கொண்டு சுற்றியது.

இப்போது தெருவில் யார் வீட்டு மீன் சுணங்கினாலும் தனசிங்தான் வைத்தியர். "நல்லா தீனி போடுங்க, என் மீன் அப்படித்தான் பிழைச்சது" என்கிறார். இறாலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"வாயை மூடு," என்கிறது நண்டு. "உண்மை தெரிஞ்சா ஒவ்வொரு வீட்டுக்கும் நம்மளைச் சாக அனுப்பிடுவாரு."

நண்டு என்னிடம் சொன்னது இது. நான் சொன்னதாக மட்டும் தனசிங் காதில் போட்டுவிடாதீர்கள்.