கானாவுக்கு ஒரு வாரம்

“மஞ்சக் காய்ச்சலா? இவளுக்கு ஒரு காய்ச்சலும் கிடையாது பாய். பாருங்க, கல்லு மாதிரி இருக்கா!” என்றாள் ஜெபகனி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் டார்லினின் தோளைத் தட்டி.

முகம்மது மைதீன் சிரித்துவிட்டார். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அவருடைய டிராவல்ஸ். பதினைந்து வருஷமாகத் துபாய்க்கும் சவூதிக்கும் ஆள் அனுப்பியவருக்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் கானாவுக்கு இதுதான் முதல் பயணி. டெல்லிக்கு நாலு தடவை எஸ்.டி.டி. போட்டு விசாரித்து, என்னென்ன வேண்டும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார்.

“காய்ச்சல் இருக்குன்னு யாரு பெரியம்மா சொன்னா? அது வராம இருக்கப் போடுத ஊசி. மெட்ராஸ்ல போட்டுட்டு, மஞ்சக் கலர்ல ஒரு அட்டை குடுப்பாங்க. அது இல்லேன்னா அங்கன இறங்கினதுமே நிறுத்திருவான். ஊசி போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் அட்டை செல்லும்.”

“பத்து நாளா?” டார்லின் நிமிர்ந்தாள். “இன்னைக்கு நவம்பர் பதினெட்டு. டிசம்பர் பன்னெண்டுக்குள்ள நான் அங்கன இருக்கணும் பாய்.”

“கிறிஸ்துமஸுக்குப் போனாப் போதாதா?”

“போதாது.”

அவள் சொன்ன வேகத்தில் மைதீன் மேற்கொண்டு கேட்கவில்லை. கணக்கு வாத்தியார் வேலைக்காக 1988இல் கானாவுக்குப் போனவன் எபி என்கிற எபனேசர். ஜெபகனிக்கு ஒரே மகன். ரெண்டு வருஷம் கழித்து ஒரு தடவை வந்துவிட்டுப் போனதோடு சரி. ஆறு வருஷமாக ஊர்ப்பக்கமே வரவில்லை. கணவனைப் பிரிந்திருப்பவளுக்கு அவசரம் இருக்காதா என்று நினைத்துக்கொண்டார்.

“சரி, இந்த வாரமே மெட்ராஸ் போயிருங்க. பாஸ்போர்ட்டு?”

டார்லின் எடுத்து நீட்டினாள். எபி வந்துபோன வருஷம் எடுத்தது. எந்தப் பக்கத்திலும் ஒரு முத்திரைகூட விழாமல், புதுப் புத்தகம் போல மொரமொரவென்று இருந்தது.

“கூப்பிடுதேன், கூப்பிடுதேன்னு சொல்லிட்டுப் போனான். மறு வாரமே எடுத்து வச்சிட்டா,” என்றாள் ஜெபகனி.

மைதீனுக்கு மனசு இளகிவிட்டது. கீழே எட்டிப் பார்த்து மூன்று டீ சொன்னார்.

“அடுத்தது, போக வர ரெண்டுக்கும் டிக்கெட்டு இருந்தாத்தான் விசா. பம்பாய், அடிஸ் அபாபா, அங்கேருந்து அக்ரா. திரும்புறத மூணு மாசம் தள்ளிப் போட்டுரட்டா?”

“ஒரு வாரம் போதும்.”

“என்னம்மா, இவ்வளவு தூரம் போய்ட்டு ஒரே வாரத்துலயா?”

“சபை ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலை பாய். பண்டிகைச் சமயம். அவ்வளவுதான் லீவு.”

மைதீன் தலையை ஆட்டியபடி விண்ணப்பத்தில் எழுதினார். “கல்யாண சர்டிபிகேட்டு நகல் ஒண்ணு இருந்தா நல்லது.”

ஜெபகனி பையிலிருந்து நாலு நகல் எடுத்து வைத்தாள். எல்லாவற்றிலும் கெஜட்டட் அதிகாரியின் பச்சை மை கையெழுத்து.

“ஒண்ணு போதும் பெரியம்மா.”

“மிச்சம் இவ கையில இருக்கட்டும். அங்கன தேவைப்படும்.”

“வாத்தியாரு ஏர்போர்ட்டுக்கு வந்துருவாருல்லா?”

“அவனுக்குத் தெரியாது,” என்றாள் ஜெபகனி அவசரமாக. “நீங்களும் யாருட்டயும் மூச்சு விட்டுராதீங்க. இவ திடீர்னு போய் அவன் முன்னால நிக்கணும். அப்ப அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனச்சா, எனக்கே கூடப் போகணும்னு இருக்கு.”

“அப்படிப் போடுங்க!” மைதீன் மேசையைத் தட்டினார். “நான் ஒரு மாசம் பம்பாய்ல கெடந்தாலும் எங்க வீட்டுல தேட மாட்டாங்க. உங்க மகன் குடுத்து வச்சவரு.”

ஜெபகனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டார்லின் டீயில் படிந்த ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசியா ஒண்ணுதான் சிக்கல்,” என்றார் மைதீன். “அந்த ஊர்ல உள்ளவங்க யாராவது அழைப்புக் கடுதாசி குடுக்கணும். வாத்தியாருக்குத் தெரியாம அதுக்கு எங்க போக?”

“கடுதாசி இருக்கு பாய். அவங்க இருக்கிற குமாசியிலேருந்து ஒரு பாஸ்டர் அனுப்பியிருக்காரு.”

டார்லின் கொடுத்த கடிதம் ஆங்கிலத்தில் டைப் செய்யப்பட்டிருந்தது. மைதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை ஓட்டி, தமிழில் முணுமுணுத்தபடி படிக்க ஆரம்பித்தார்.

“‘அன்புள்ள டார்லின் அம்மையாருக்கு. எங்கள் சபைப் பத்திரிகையில் திருமண அறிவிப்பைப் பார்த்ததாகவும், மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம் என்றும் எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி. இந்தியாவில் தமக்குத் தாயோ, மனைவியோ, வேறு உறவோ கிடையாது என்றுதான் எபனேசர் எங்களிடம் சொல்லியிருந்தார். டிசம்பர் பதினாலாம் தேதி அவருக்கும் என் மகளுக்கும் நடக்கப்போகும் திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சார்பில் நீங்கள் அவசியம் இருக்க வேண்டும். நீங்கள் கேட்டுக்கொண்டபடி, அவரிடம் இதைச் சொல்லவில்லை...’”

மைதீன் கடிதத்தை மடித்து வைத்தார். பேனாவை எடுத்து, மாமியாரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உறவுன்னு இருக்கிற இடத்துல என்னம்மா எழுத?”

“தூரத்துச் சொந்தம்னே எழுதுங்க பாய்,” என்றாள் டார்லின். “ஆறு வருஷமா தூரத்துலதானே இருக்கேன்.”