கேட் தெரியும் பெஞ்சு

எல்லோரும் விளையாடப் போய்விட்டதால் ஐந்தாம் வகுப்பு அறையில் மின்விசிறியின் கறகறப்பு மட்டும் கேட்கிறது. ஜன்னலோரப் பெஞ்சில், மூடிய கணக்கு நோட்டோடு ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பத்து நாளாக இந்தப் பெண் பாடத்தைக் கவனிக்காமல் வெளியே வேடிக்கை பார்க்கிறாள் என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு வந்திருக்கும் பள்ளியின் மனநல ஆலோசகர், எதையும் விசாரிக்காமல் அந்தச் சின்னப் பெஞ்சுக்குள் தன்னை நுழைத்துக்கொள்கிறார். முழங்கால் மேசையில் இடிக்கிறது. சிறுமியின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, அவள் பார்க்கும் திசையிலேயே பார்க்கிறார். வெயிலில் வெளுத்த மைதானம். அதற்கப்பால் இரும்புக் கேட். "இங்கேருந்து கேட்தானே நல்லா தெரியுது? யாராவது வரப்போறாங்களா?" அவள் பென்சில் முனையை நகத்தால் சுரண்டுகிறாள். "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க மிஸ். ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா சித்திதான் என்னைக் கூப்பிட வருவாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தா வரமாட்டாங்க." அப்படியெல்லாம் இல்லை என்று ஆலோசகர் சொல்லவில்லை. "நாள் பூரா நீ ஒருத்தியே பாக்குறியா? கண்ணு வலிக்குமே. கொஞ்ச நேரம் நான் பாக்குறேன், நீ கணக்கைப் போடு," என்கிறார். அவருடைய கண் உண்மையாகவே கேட்டின் மேல்தான் இருக்கிறதா என்று சிறுமி எட்டி, உற்றுப் பார்க்கிறாள். "சிமிட்டலாம் மிஸ். திரும்பத்தான் கூடாது," என்று சொல்லிவிட்டு, நோட்டைத் திறக்கிறாள்.