பொய் சொல்லாத மீட்டர்

“பொய் மீட்டரை என் தலையில கட்டிட்டியே பாய், இது உனக்கே நல்லா இருக்கா?”

இளையபெருமாள் ஒரு பிஸ்டனை மூஸாவின் மேஜைமேல் டொக்கென்று வைத்தார். வெயிலில் வைத்த வெல்லக்கட்டி மாதிரி ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது.

இளையபெருமாளுக்கு ஒரத்தநாட்டில் நெல் மண்டி. அவருடைய எஸ்டீம் காருக்கு டர்போ ஏறியது தஞ்சாவூரில் மூஸாவின் ஒர்க்‌ஷாப்பில்தான். அந்தக் கார் ஒரத்தநாட்டில் கிளம்பினால், சத்தம் கேட்டு வல்லத்தில் சினைமாடு கன்று போடும் என்பார்கள். ரெண்டு கன்று என்று சொன்னவர்களும் உண்டு.

மூஸாவுக்கு இது ஷார்ஜாவில் ஒன்பது வருஷம் ரேஸ் கார்களுக்கு அடியில் படுத்துக் கற்றுக்கொண்ட தொழில். கடை திறந்து நாலு மாசம்தான் ஆகிறது. ‘மூஸா குடுக்கிற மீட்டர் பொய்’ என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், மறுபடியும் விசாவுக்கு அலைய வேண்டியதுதான்.

கேட்கவும் ஆள் இருந்தது. ஆயில் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்த நாலைந்து விவசாயிகள் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

இளையபெருமாள் அவர்கள் பக்கம் திரும்பினார்.

“மீட்டர்ங்கிறது சத்தியம் மாதிரி. அது காட்டுறதைத்தானே மனுஷன் நம்புறான்? அதுலயே பொய் வெக்கிறவன் அடுத்தவன் சோத்துல மண்ணள்ளிப் போடுறவன். என்ன மருதையா, நான் சொல்றது?”

வருஷா வருஷம் அவர் மண்டிக்கே நெல் போடுகிற மருதையன் தலையை ஆட்டினார். “நூத்துல ஒரு வார்த்தைங்க, முதலாளி.”

மூஸா மெதுவாகச் சொன்னான்.

“அண்ணே, இன்ஜின் புகையை மோந்து பார்த்துப் பெட்ரோல் கூடவா கம்மியான்னு சொல்ற மீட்டர், அன்னைக்கு உங்க முன்னாடி மூணு வெச்சேன். ஒண்ணு மலிவு. ஆறு மாசத்துல கிறுக்குப் புடிச்சுடும்னு நானே சொன்னேன். இன்னொண்ணு திருவாரூர்த் தேர் மாதிரி கலர் கலரா ஜொலிச்சுது. நீங்க அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்க. கலர் லைட்டு கல்யாண வீட்டுக்குப் போதும்னு சொல்லி, இந்தக் கறுப்பு மீட்டரை எடுத்துக் குடுத்தேன். சென்சாரை வெறுங்காத்துல புடிச்சா, காத்துல இருக்கிற ஆக்சிஜன் அளவு, இருபது புள்ளி ஒன்பது காட்டணும். உங்க கண்ணு முன்னாடிதானே காட்டிச்சு?”

“இங்க காட்டிச்சு. என் கார்ல ஏறினதும் புத்தி மாறிடுச்சே.”

“கார்ல என்ன காட்டிச்சு?”

“நீ சொல்லிக் குடுத்த பாஷையிலயே சொல்றேன். இன்ஜினுக்குப் பெட்ரோல் கம்மியாப் போனா காய்ச்சல், எண்ணு ஏறும்; கூடப் போனா ஈரம், எண்ணு இறங்கும். நெல்லு மாதிரியே வெச்சுக்கங்கன்னு சொன்னே. காய்ச்சல் மீறினா பிஸ்டன் உருகிடும்னும் சொன்னே. சரிதானே? இது எந்நேரமும் ஈரம், ஈரம்னே காட்டிச்சு. நானும் நம்பிப் பெட்ரோலைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். புது நாலு வழிச் சாலையில செங்கிப்பட்டி தாண்டல, இன்ஜின் படுத்துடுச்சு. காய்ஞ்சு கெடந்ததைப் போய் ஈரம்னு சொல்லியிருக்கு பாய்.”

“மீட்டர் எங்க?”

வாசலில் மஞ்சப்பையோடு நின்றவன் உள்ளே வந்து, மீட்டரையும் சென்சாரையும் மேஜைமேல் வைத்தான்.

மூஸா பேட்டரியில் இணைத்தான். சென்சார் சூடாக அரை நிமிஷம் ஆகும். மருதையன் டயரிலிருந்தபடியே கழுத்தை நீட்டினார்.

எண்கள் ஓடின. நின்றன.

பதினெட்டு புள்ளி ஒன்பது.

“பார்த்துக்கங்கப்பா,” என்றார் இளையபெருமாள். “முழுசா ரெண்டு பொய்.”

மூஸா ஷார்ஜாவில் இதே ரக மீட்டர் ஐம்பதாவது பார்த்திருப்பான். ஒன்றுகூட இப்படி இல்லை. கையில் எடுத்துத் திருப்பினான்.

பின்பக்கம் ஒட்டியிருந்த சீல் கிழிந்திருந்தது. அதற்கு அடியில் ஒரு குட்டித் திருகு. திருகின் தலையில் அசையாமல் இருக்க அழகாக ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு.

“அண்ணே, இதைக் கார்ல யாரு மாட்டினது?”

“நம்ம பக்கிரிதான். மண்டியில ஃபேன்லேருந்து ஈரம் பார்க்கிற மெஷின் வரைக்கும் அவன் கைதான். இதுக்குப் போய் உன்கிட்ட வரணுமா?”

மஞ்சப்பைக்காரன் லேசாகச் சிரித்தான். அவன்தான் பக்கிரி.

“இந்தப் பொட்டு நீ வெச்சதா பக்கிரி?”

“ஆமாங்க பாய். திருகிட்டு அப்படியே விட்டா ஆட்டத்துல எடம் மாறிடும். பொட்டு வெச்சா பத்து வருஷத்துக்கு அசையாது.”

“அதை ஏம்ப்பா திருகினே?”

இளையபெருமாள் மேஜையில் ஓங்கி அடித்தார். “அப்படிக் கேளு பாய். ஏண்டா, நல்லா இருந்த மீட்டரை எவன்டா உன்னைத் திருகச் சொன்னான்?”

பக்கிரி முழித்தான்.

“நீங்கதானே முதலாளி? ஈரம் காட்டுற மீட்டர்னு சொல்லிக் குடுத்தீங்க. நம்ம மண்டிக்கு எந்த ஈர மீட்டர் வந்தாலும் ஈரத்தை ரெண்டு கூட்டிக் காட்டுற மாதிரி திருகிப் பொட்டு வெச்சுடுன்னு உங்க உத்தரவுதானே?”

வெறுங்காத்தில் கிடந்த சென்சார் மட்டும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது.

மருதையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டயரை விட்டு எழுந்தார்.

“முதலாளி, போன அறுப்புல என் நெல்லைக் கடிச்சுப் பார்த்து நல்ல காய்ச்சல்னு சொன்னேன். மீட்டர் பொய் சொல்லுமா மருதையான்னு மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சீங்க. அந்த மீட்டர்லயும் இதே சிவப்புப் பொட்டுதாங்க.”