ஃபிரிட்ஜ் சத்தம்

அத்தான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வீடே சிரிக்கும். மைத்துனன் மட்டும் பல வருஷமாக இதை முழுசாக நம்பியதில்லை.

அத்தானும் அக்காவும் அப்போது வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது. வீட்டு ஓனர் மகா கறார். நாய், பூனை, கிளி, மீன் எதுவும் கூடாது என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். முன்பு குடியிருந்தவர்கள் கிளி வளர்த்தார்கள். கிளியோடு காலி செய்தார்கள்.

அத்தான் வளர்த்தது தவளை. கட்டைவிரல் அளவுகூட வராது, தொட்டித் தண்ணீரிலேயே வாழ்கிற ஜாதி.

"அவர் தவளைன்னு சொல்லவே இல்லையே" என்பார்.

ஹீட்டர் போட்டுத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கியதும் ஜோடி சேர்ந்து முட்டை போட்டன. பெற்றதுகளே தின்றுவிடுமாம். அத்தான் முட்டைகளைக் கரண்டியால் அள்ளி, ஒரு கிண்ணத்தில் விட்டு, அதே தொட்டியில் மிதக்கவிட்டார். கிண்ணம் நிறையத் தலைப்பிரட்டைகள்.

ஆண் தவளை கத்தாது. பெட்டையைக் கூப்பிட்டு ஒரே சுருதியில் முனகும். மேல் வீட்டில் ஏதோ மிஷின் ஓட்டுகிறார்கள் என்று கீழ் வீட்டம்மா ஓனரிடம் புகார் செய்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் ஓனர் வந்து நின்றார்.

அக்காவுக்கு நிறைமாசம். அந்த நிலைமையில் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது? அத்தான் அவசரமாகத் தொட்டிமேல் போர்வையைப் போர்த்தி, அதன் முன்னால் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தார்.

ஓனர் அறை நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். போர்வைக்குள் முனகல் ஆரம்பித்தது.

"அன்னைக்குன்னு பார்த்து அதுக்குக் காதல் பொத்துக்கிட்டு வந்துச்சு" என்பார் அத்தான்.

ஓனர் போர்வையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்துபோய் ஃபிரிட்ஜ்மேல் கையை வைத்தார்.

"ஃபிரிட்ஜ்தான். பழசாயிடுச்சு, முனகுது."

கீழ் வீட்டம்மாவிடமும் அதையே சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு விடவில்லை. மறுநாளே எலக்ட்ரீஷியனை அனுப்பி, அந்த அறையில் இன்னொரு பிளக் பாயின்ட் போட்டுக் கொடுத்தார்.

"நான் கேட்கவே இல்ல. அப்படி ஒரு ஏமாளி" என்று அத்தான் தொடையைத் தட்டுவார்.

மைத்துனனுக்கு உறுத்தியது அந்த ஏமாளிதான். கிளியையே பொறுக்காத மனுஷனுக்கு, காதுக்குப் பக்கத்தில் முனகும் தவளை தெரியாமல் போகுமா?

போன வாரம் அத்தான் மறுபடியும் கதையை எடுத்தார். இந்தத் தடவை அக்கா குறுக்கே புகுந்தாள்.

"இவர் சாமர்த்தியத்தை நீதான்டா மெச்சிக்கணும். அந்த ரூம்ல இருந்ததே ஒரு பிளக். ஃபிரிட்ஜைப் பிடுங்கிப் போட்டுட்டு, தவளைக்கு ஹீட்டர் மாட்டிட்டார். புது பிளக் வர்ற வரைக்கும் தினமும் பால் திரிஞ்சுது."

மைத்துனன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்போ அன்னைக்கு ஃபிரிட்ஜ் ஓடவே இல்ல. இன்னொரு பிளக் வேணும்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது, அத்தான்?"