பொழுதுக்கு முன்னே விளைந்த உப்பு

முத்தையாபுரம் உப்பளத்தில் அன்று காலைதான் பாத்திக்குத் தண்ணீர் விட்டிருந்தார் அற்புதமணி. பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள் ஈவாஞ்சலின் வரப்பில் உட்கார்ந்து, தான் ஆராயும் விண்மீன் மண்டலங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிரபஞ்சம் பொறந்த கொஞ்ச காலத்துலயே அந்த மண்டலமெல்லாம் முழுசா வளந்து நிக்குப்பா. அம்புட்டு பெருசா வளர நேரமே கிடையாது."

"எங்கனயோ கணக்க தப்பா போட்டிருப்பிய," என்று டீயை உறிஞ்சினார் அவர்.

தம்ளரைக் கீழே வைத்தபோது பாத்தி முழுக்க உப்பு விளைந்திருந்தது. ஒரு வாரமாவது வெயிலில் காய வேண்டிய தண்ணீர் அது. குனிந்து ஒரு கை அள்ளினார். கல் கல்லாக, நன்றாக முற்றிய உப்பு.

"ஏளா, இங்கன பாரு! தெனமும் இப்படி வெளஞ்சா நமக்கு நல்லதுதான?" என்று சிரித்தார்.

மகள் உப்பைப் பார்க்கவில்லை.

"அப்பா, கடல் சத்தம் எப்ப நின்னுச்சு?"

நிமிர்ந்தார். கரையிலிருந்து தொடுவானம் வரை கடல் வெள்ளை உப்பாகக் கிடந்தது. துறைமுகத்துக்குள் வரத் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு கப்பல், அந்த வெள்ளைக்கு நடுவில் ஒருபக்கமாகச் சாய்ந்து அசையாமல் நின்றது.

வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தார். எச்சில் ஊற வேண்டிய இடத்தில், நாக்குக்கடியில், கல்லுப்பு நெருடியது.