சோமிலரின் மேலாடை

மகத நாட்டில் எந்தத் துறவியாலும் அசைக்க முடியாத ஒரே ஆள் தாம்தான் என்று கிணற்றடியில் அறிவிக்கிறார் வேள்விப் புரோகிதர் சோமிலர். அவர் மனைவி தனதேவி அதைக் காதில் வாங்காமல் குடத்தின் வாயில் துணி விரித்துத் தண்ணீரை வடிகட்டுகிறாள். துணியில் தங்கிய சிற்றுயிர்களை அலசிக் கிணற்றிலேயே விடுகிறாள். ஆலமரத்தடியில் சமணத் துறவி கண்மூடி அமர்ந்திருக்கிறார். கண்ணை மூடியிருப்பவர்களைச் சோமிலர் நம்புவதில்லை. “இன்னிக்குப் புழுவைக் காப்பாத்தச் சொல்றான். நாளைக்கு உன் தலைமுடியைப் பிடுங்கிட்டுத் துறவுக்கு வாம்பான். போயிடுவியாடி?” “நாளைக்கு வேள்வியில ஆட்டை வெட்டுங்க, போயிடறேன்.” குடம் இடுப்பேறிப் போகிறது. துறவியின் இமை அசைகிறதா என்று சோமிலர் உற்றுப் பார்க்கிறார். அசையவில்லை. தாகம் எடுக்கிறது. தண்ணீர் இறைத்தவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் செம்பின் வாயில் மேலாடையின் நுனியை விரிக்கிறார். குடித்து முடித்ததும், அதில் தங்கிய சிற்றுயிர்களை அலசிக் கிணற்றில் விடுகிறார்.