பெயர் சொல்லாதவர்

"பச்சை டிரக். ஓட்டுறவன் முழு போதையில இருக்கான், உடனே நிறுத்துங்கன்னு ஒருத்தர் போன் பண்ணாரு," என்றாள் டோரீன், போலீஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில்.

"யாரு?"

"பேரு கேட்டேன். போனை வெச்சுட்டாரு."

நெப்ராஸ்கா சோளக்காடுகளின் நடுவே, காவலர் வெண்டல் அந்த டிரக்கின் பின்னாலேயே நான்கு மைல் போனார். நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. இரண்டு தரம் வேகத்தைக் குறைத்து, ஓரம் ஒதுங்கி, அவருக்கு வழிகூட விட்டது.

"ஓட்டுறதுல ஒரு தப்பும் இல்ல, டோரீன். பேரில்லாத போனை மட்டும் நம்பி நிறுத்தினா, போன தடவை மாதிரி ஜட்ஜ் கேஸைத் தூக்கிப் போட்டுட்டு எனக்குப் பாடம் எடுப்பாரு. விட்டுடறேன்."

அவர் திரும்பிய பத்தாவது நிமிடம் டிரக் பாலத்தூணில் மோதியது. ஓட்டியவர் தனி ஆள், உயிர் இல்லை. சாராய வாடை சாலை வரை வந்தது.

அங்கே வந்து சேர்ந்த வெண்டல் ரேடியோ மைக்கை எடுத்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"போன் பண்ணவருக்குத் திருப்பிப் போடு. அவரு சொன்னது சரிதான்னு சொல்லணும்."

"போடறேன், இரு."

நசுங்கிய டிரக்குக்குள் ஒரு செல்போன் அடிக்க ஆரம்பித்தது.

"ரிங் போகுது வெண்டல்," என்றாள் டோரீன். "எடுக்க மாட்டேங்கறாரே."